எட்டு மில்லிமீட்டர்

மனிதன் பொய் சொல்வான். கண்ணாடி பொய் சொல்லும். கூண்டில் ஏறி சத்தியம் செய்தவனும் பொய் சொல்வான். புகைப்படம் மட்டும் ஒருநாளும் பொய் சொல்லாது.

இந்த வாசகத்தை ஸ்டூடியோக்காரர் தம் கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி உண்டு: 'பரு, தழும்பு, வழுக்கை நீக்கித் தரப்படும்.'

இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் முப்பத்தைந்து வருஷமாக அந்தக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் வரை அது ஒரு மாதிரி நடந்தது. மகளுக்கு வயது இருபத்தேழு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறு வருஷமாக முகக்கவசத்துக்குள் நிம்மதியாக இருந்தவளைப் பதவி உயர்வு என்ற பெயரில் முன் கவுன்டருக்கு மாற்றினார்கள். அங்கே முகக்கவசம் கூடாது. வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தது. ஆர்டர் வந்த அன்றே அவள் தாடை அறுவை டாக்டரிடம் நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். "மூஞ்சிய அறுத்து ஒட்டற வீட்ல எனக்கென்ன வேலை?" என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். போனவள் இன்னும் வரவில்லை.

ஆக, இன்று காலை டாக்டர் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மகள். ஸ்டூடியோக்காரர். அப்புறம், ஸ்டூடியோக்காரரின் அக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அம்மாவின் இடத்தை நிரப்ப ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் உட்கார்ந்தால் எந்த இடமும் நிரம்பிவிடும்.

டாக்டர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். பழைய படங்கள் இருந்தால் எடுத்துவாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். இந்தக் குடும்பத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது. ஸ்டூடியோக்காரர் வெல்வெட் அட்டை போட்ட பெரிய ஆல்பத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். தம் வேலையை ஒரு படித்த மனுஷி பார்க்கப்போகிறார் என்ற பெருமை ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. யோசனை என்று ஒன்று அதற்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஆல்பத்தை பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார்.

"நிமிர்ந்து உக்காருங்க. எதிர்ல கண்ணாடி இருக்கில்ல, அதுல உங்க கண்ணையே பாருங்க. எச்சில் முழுங்குங்க. 'அம்மா'ன்னு சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் உதட்டை அப்படியே விட்டுடுங்க."

மகள் 'அம்மா' என்றாள். உதட்டை விடவில்லை.

மேலுதடு கடையின் இரும்புக் கதவு மாதிரி இறங்கிப் பற்களை மூடியது. மோவாயில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது.

"விடுங்க."

"விட்டுட்டேன் டாக்டர்."

"இல்ல, பிடிச்சுட்டிருக்கீங்க. மோவாய் காட்டிக்குடுக்குது."

அவளுக்கு முகம் சிவந்தது. பதிமூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கையை விடு என்றால் விடலாம், காலை நீட்டு என்றால் நீட்டலாம். உதட்டை விடுவது எப்படி என்று எங்கே போய்க் கற்றுக்கொள்வது? மறுபடி 'அம்மா'. மறுபடி கதவு. ஐந்தாவது 'அம்மா'வில், வெளியே காத்திருந்த யாரோ ஒரு குழந்தை "அந்த அக்கா ஏம்மா அவங்கம்மாவைக் கூப்பிட்டுட்டே இருக்காங்க?" என்று கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.

"கண்ணு," என்றாள் அத்தை, "நேத்து என்ன ஆச்சு தெரியுமா? ரிவர்ஸ் எடுக்கிறேன், பின்னாடி டொம்முனு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா கரஸ்பாண்டென்ட்டோட புது ஸ்கூட்டர். பொட்டு வச்சது கூட அழியல. அந்த மனுஷன் ஓடி வந்து, 'ஏம்மா, கண்ணாடி பாக்கலையா?'ங்கறாரு. 'பாத்தேன் சார், அதுல நான் அழகா இருந்தேன், அதையே பாத்துட்டேன்'னுட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்த அதே நொடியில் கை வாய்க்குப் போயிற்று. டாக்டர் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்தார். சிரிப்பு வடிந்தது. உதடுகள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே, பிரிந்து, தாமாக நின்றன.

"அப்படியே. அசையாதீங்க."

சின்ன எஃகு அளவுகோல் அவள் மூக்கடியைத் தொட்டது. டாக்டர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற உதவிப்பெண் எழுதினாள்.

"மூக்கடியிலேர்ந்து உதட்டு விளிம்பு, இருபத்தொண்ணு. சும்மா இருக்கிறப்ப தெரியற பல், எட்டு. உதடு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி, ஏழு. இப்ப நல்லா சிரிங்க. ஈறு, ஆறு."

அவள் வாயை இதுவரை யாரும் எண்களில் சொன்னதில்லை. பட்டப்பெயர்களில்தான் சொல்லியிருக்கிறார்கள். எண்கள் இன்னும் மோசம் என்று இப்போது தெரிந்தது. பட்டப்பெயரைப் பொறாமை என்று தள்ளிவிடலாம்.

"சாதாரணமா ரெண்டுலேர்ந்து நாலு மில்லிமீட்டர் பல் தெரியும்," என்றார் டாக்டர். "உங்களுக்கு எட்டு. உதடு குட்டைன்னு நினைச்சுட்டு வந்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. உங்க உதடு சரியான நீளம்தான், அதுமேல தப்பே இல்ல. மேல்தாடை எலும்புதான் உயரம் ஜாஸ்தி."

"அதையேதான் டாக்டர் நானும் வீட்ல சொன்னேன்," என்றார் ஸ்டூடியோக்காரர். வீட்டில் அவர் சொன்னது, 'எல்லாம் உங்கம்மா வீட்டு வாகு.'

"எங்க தொழில்ல முகத்தை மூணு பங்கா பிரிப்போம் டாக்டர். முடியிலேர்ந்து புருவம் ஒண்ணு. புருவத்திலேர்ந்து மூக்கடி ஒண்ணு. மூக்கடியிலேர்ந்து மோவாய் ஒண்ணு. மூணும் சமமா இருந்தா, அது அழகு."

"நாங்களும் அப்படித்தான் பாக்கறோம் சார். சரியா சொல்றீங்க."

சர்க்கார் விருது கிடைத்த மாதிரி ஸ்டூடியோக்காரர் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தார். உயர்ந்த வேகத்திலேயே ஆல்பத்தை நீட்டினார்.

டாக்டர் முதலில் சாதாரணமாகத்தான் புரட்டினார். பிறகு அளவுகோலை எடுத்தார். ஒரு படத்தின் மேல் வைத்தார். அடுத்த படத்தின் மேல் வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படம்.

"இது எந்த வயசு?"

"இருபது. பட்டம் வாங்கினப்போ," என்றார் ஸ்டூடியோக்காரர். "பக்க வெளிச்சம் மட்டும்தான் குடுத்தேன். கவனிச்சிருப்பீங்க."

"இது?"

"இருபத்தொண்ணு. வேலைக்கு அப்ளிகேஷன் போட."

டாக்டர் ஆல்பத்தை மேஜைமேல் வைத்தார். "இருபத்தொண்ணு வயசுல மூணு பங்கும் சமமா இருக்கு. உதடு தானா மூடியிருக்கு, மோவாயில ஒரு குழி கிடையாது. இப்ப கீழ்ப்பங்கு மட்டும் இவ்வளவு நீளம். பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தாடை பதினாறு, பதினேழோட வளர்ந்து முடிஞ்சிடும். அதுக்கப்புறம் இப்படி இறங்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அதுல சின்னதா கட்டி ஏதாவது இருந்தா, பெரியவங்களுக்கும் எலும்பு வளரும். பயப்பட வேண்டாம், ஆனா பாத்துடணும். கொஞ்ச நாளா மோதிரம் இறுக்கமா இருக்கா? செருப்பு சைஸ் மாறிச்சா?"

"மாறிச்சே!" என்றாள் அத்தை. "போன மாசம்தான் ஒரு சைஸ் பெருசா வாங்கினா!"

தள்ளுபடிக் கடையில் அந்த ஒரு அளவுதான் மிச்சம் இருந்தது. பயத்தில் அது மகளுக்கே ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், சொல்ல வெட்கமாக, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

"நான் சொன்னேன்ல அத்தை? காலேஜ்ல நல்லாத்தான் இருந்தேன். அப்புறம் வர வரத்தான் இப்படி ஆச்சு. யாருமே நம்பல."

ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

டாக்டர் சீட்டு எழுதினார். முதலில் ரத்தம், மத்தியானம் தலைக்கு ஸ்கேன்.

இப்போது சொல்லியிருக்கலாம். ஸ்டூடியோக்காரர் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார், "தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

மகள் ரத்தம் கொடுக்க உட்கார்ந்தபோதும் சொல்லியிருக்கலாம். தினம் அறுபது பேருக்கு ஊசி குத்துகிறவள், தன் கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தார். அது இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அதையும் முழுவதும் படித்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டி, "கம்மல், செயின், கொண்டை ஊசி எல்லாம் கழட்டிடுங்க," என்றாள். மகள் கம்மலைக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்பா, கட்டி இருந்தா மண்டையைத் திறப்பாங்களா?"

சின்னக் குரல். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று சொன்ன காலத்துக் குரல்.

ஸ்டூடியோக்காரர் கம்மலோடு எழுந்தார். "டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும். நீங்க இங்கயே இருங்க."

யார் இருப்பார்கள்? இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

"டாக்டர்," என்றார் அவர், நின்றுகொண்டே. "வந்து... போட்டோவை அவ்வளவா நம்பக்கூடாது."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வருவது இதுதான் முதல் தடவை. அத்தை வாயைப் பிளந்தாள்.

"ஏன் சார்?"

"லென்ஸ்னு ஒண்ணு இருக்கு. பக்கத்துலேர்ந்து எடுத்தா ஒரு மாதிரி, தள்ளி நின்னு எடுத்தா ஒரு மாதிரி..."

"முகம் முழுக்க மாறும். மூக்குக்குக் கீழ மட்டும் மாறுமா?"

"வெளிச்சம்..."

"வெளிச்சம் பல்லை மறைக்குமா சார்?"

"பேப்பர்கூட சில சமயம், மழைக்காலத்துல, சுருங்கி..." என்று ஆரம்பித்தவர், டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். பேப்பரின் மேல் பழி போட முடியாத இடம் இது. "நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"குறைச்சேன்."



"எந்தப் படத்துல?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாத்துலயும்."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தியிருப்பார், பாதி கணக்கு தீர்ந்திருக்கும். அவள் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்தியபடியே நின்றாள்.

"பரு மட்டும்தான் எடுப்பேன்னு சொன்னீங்க."

"பருவும் எடுத்தேன்மா."

"கண்ணாடில ஒரு மாதிரி இருப்பேன், உங்க போட்டோல ஒரு மாதிரி இருப்பேன். கண்ணாடிதான் தப்புன்னு நினைச்சேன்ப்பா." "ரெண்டு தடவை கண்ணாடியை மாத்தினேன்."

டாக்டர் பட்டமளிப்புப் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கை சுத்தம் சார். எனக்கே தெரியல."

அந்த நிலைமையிலும், அரை நொடி, ஸ்டூடியோக்காரரின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அதை அவர் தடுக்கப் பார்த்தார். முடியவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆனா அளவு தப்பு," என்றார் டாக்டர். "பல்லே தெரியாம மூடிட்டீங்க. இந்தப் படத்துல இருக்கிற அளவுக்கு நான் தாடையை ஏத்தினேன்னா, இவங்க சிரிச்சாக்கூடப் பல் வெளியில வராது. வயசாக ஆக உதடு வேற இறங்கும். நாப்பதுல அறுபது மாதிரி இருப்பாங்க. நான் செஞ்சா நாலு, இல்ல அஞ்சுதான் ஏத்துவேன். மூணு, நாலு மில்லிமீட்டர் பல்லை விட்டு வைப்பேன். அதுவும் இவங்களுக்கு வேணும்னாத்தான்."

பிரகாசம் அணைந்தது. தொழிலிலும் தோல்வி.

டாக்டர் ஸ்கேன் சீட்டைக் கிழித்தார். மகளிடம் திரும்பினார். "கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. நீங்க வளரவும் இல்ல, மாறவும் இல்ல, பொறந்த வாகு. ஆனா ஒண்ணு யோசிச்சுட்டு வாங்க. 'முன்ன மாதிரி ஆகணும்'னு ஃபாரத்துல எழுதியிருக்கீங்க. அந்த முன்ன இருந்த பொண்ணு யாருன்னு இப்ப தெரியுதில்ல? அசல் படம் எதாவது இருந்தா அதைக் கொண்டாங்க. அதைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்."

வராந்தாவில் அத்தைதான் முதலில் பேசினாள்.

"டேய் தம்பி."

"என்னக்கா?"

"எங்க ஹால்ல ஒரு படம் மாட்டியிருக்கேனே. முப்பது வயசுல எடுத்தது."

ஸ்டூடியோக்காரர் செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

"வர்றவன் போறவன்கிட்டல்லாம் காமிச்சு, 'அந்தக் காலத்துல நான் எப்படி இருந்தேன் பாரு'ன்னு பீத்திட்டிருக்கேன்டா." அத்தை தன் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். எப்போதும் முழு ஈறும் தெரியச் சிரிக்கிறவள். தம்பி மகளின் தாடை எந்த வீட்டு வாகு என்று டாக்டர் அறையில் கண்ணிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "எனக்கு இது ஒரு குறைன்னே இத்தனை நாள் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

மூன்று பேரும் ஆட்டோ பிடித்தார்கள். ஸ்டூடியோ வாசலில் இறங்கும்போது அத்தை, "அவளுக்கு இது தெரியுமாடா?" என்று கேட்டாள். அவள் என்றால் அம்மா. ஸ்டூடியோக்காரர் பூட்டைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.

மகள் நேராக உள் அறைக்குப் போனாள். "அசல் எங்க?"

"எல்லாம் கலந்து கிடக்கும்மா. நான் தேடி எடுத்து..."

"எங்கப்பா?"

அவர் அலமாரியைக் காட்டினார். கலந்து கிடக்கவில்லை. எதையும் கலந்து போடுகிற மனிதர் இல்லை அவர். ஃபிலிம் காலத்து நெகட்டிவ்கள் எண்ணெய்த்தாள் கவர்களில் வருஷவாரியாக நின்றன. மேல் மூலையில் தேதி, பெயர். கீழே பென்சிலில், என்ன திருத்தம் செய்தது என்று ஒரு குறிப்பு. யாராவது பத்து வருஷம் கழித்து இன்னொரு பிரதி கேட்டு வந்தால், முன்பு செய்த அதே திருத்தத்தைச் செய்து கொடுக்க வேண்டுமல்லவா? கடையின் நாணயம் அது. 'பரு 3.' 'நரை.' 'இடது கண் மாறு.' 'மாப்பிள்ளை உயரம்.'

குடும்பத்துக்கு ஒரு தட்டு தனியாக இருந்தது.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

அதற்குத்தான் அவர் வழியெல்லாம் பதில் தயார் செய்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் கனிந்தது.

"ஒம்போதாவது படிக்கிறப்ப, பதினாலு வயசுல, பள்ளிக்கூடத்துல க்ரூப் போட்டோ எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? எவனோ வெளியாள் எடுத்தான். அதைப் பாத்துட்டு ராத்திரி சாப்பிடாம அழுத. நான் என்ன சொன்னேன்? 'அவனுக்கு லைட்டிங் தெரியலம்மா'ன்னேன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்துட்டு, இனிமே எம்பொண்ணு எந்தப் படத்தையும் பாத்து அழக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். அவ்வளவுதான்மா. பெத்த மனசு. தப்புன்னா தப்புதான்."

அவருக்கே கண் கலங்கியது. அத்தை மூக்கை உறிஞ்சினாள். மகளுக்கும் அந்த இரவு ஞாபகம் இருந்தது. அப்பா தலையணைப் பக்கத்தில் உட்கார்ந்து லைட்டிங்கைப் பற்றி விளக்கியதும், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனதும். அன்றிலிருந்துதான் அவள் உதட்டைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பித்திருக்கிறோம் என்று தோன்றியது. அவளுக்குக் கோபம் லேசாக இளகிற்று.

"சரிப்பா. அதுக்கு முன்னாடி எடுத்தது போதும். பதினாலுக்கு முன்னாடி இருக்கிறது எல்லாம் அசல்தானே? அதையே டாக்டர்கிட்ட குடுத்துடறேன்."

"அதெல்லாம் சின்னப் பிள்ளைல எடுத்தது. அது எதுக்கும்மா இப்ப? வா, முதல்ல காபி குடிக்கலாம்."

அவள் தட்டின் இடது கோடிக்குக் கையைக் கொண்டுபோய், முதல் கவரை உருவினாள். பள்ளியில் சேர்க்கும்போது எடுத்த படம். மேல் மூலையில் அப்பாவின் அச்சுப் போன்ற கையெழுத்தில் தேதி. கீழே பென்சிலில் ஒரே ஒரு வார்த்தை: 'வாய்.'

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெகட்டிவில் இருண்டிருந்த முகத்தில் பற்கள் அதைவிடக் கறுப்பாக, வரிசையாகத் தெரிந்தன.

அந்தப் படத்தில் அவளுக்கு நாலு வயது. அத்தனையும் பால் பற்கள்.